மண்டபத்துக்குப் பெயின்ட் அடித்த பாவிகள்

பொது மண்டபத்தின் காவலாளி என்பவன், ஊரில் நடக்கிற எல்லாக் கலியாணத்துக்கும் அழைப்பில்லாமல் போய், எல்லாக் கலியாணத்திலும் கடைசிப் பந்தியில் சாப்பிட்டு, எல்லாக் கலியாணத்தையும் மறுநாள் காலையில் கூட்டி அள்ளுகிறவன்.

லண்டனில் எண்பதுகளின் நடுவிலிருந்து பல வருடம் நான் பார்த்த உத்தியோகம் இது. டூட்டிங்கிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் ஒரு சின்ன டவுன் வரும். லண்டன்காரர் அதையும் லண்டன் என்பார்கள். அங்கே பிறந்தவர்கள் அது தனி ஊர் என்று சண்டைக்கு வருவார்கள். அந்த ஊரின் நடுவில் கவுன்சில் என்கிற நகரசபைக்குச் சொந்தமான ஒரு பழைய மண்டபம். அதன் சாவிக்கொத்து என் இடுப்பில். உங்களில் யாராவது பள்ளிக்கூடமோ கோவிலோ மண்டபமோ பூட்டித் திறந்திருந்தால், “இன்னும் அஞ்சு நிமிசம் அண்ணை” என்ற சொல்லைக் கேட்டதும் வயிற்றில் ஒரு புளிப்பு வருமே, அது என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் பொறுத்தருள்க.

மூன்று கேள்விகள்

நேர்முகத் தேர்வில் கவுன்சில் அதிகாரி என்னிடம் மூன்றே மூன்று கேள்வி கேட்டார். ஏணியில் ஏறுவாயா? சண்டையை விலக்குவாயா? குடிப்பாயா? முதல் இரண்டுக்கும் ஓம் என்றேன். மூன்றாவதற்கு, நான் மன்னார்க் கத்தோலிக்கன், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன் என்று பதில் சொன்னேன். அது பதில் இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

குடியைப் பற்றி ஏன் கேட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மதுவிலக்குச் சங்கத்தார் வீடு வீடாகக் காசு தண்டி இந்த மண்டபத்தைக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு சொட்டு மதுவும் கூடாது என்ற விதி இன்னும் உயிரோடு இருந்தது. எங்கள் ஆட்கள் அந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை. கலியாண நாட்களில் மாமன்மாரும் மச்சான்மாரும் கார்களின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மழையில் ஏன் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள் என்று பார்ப்பது என் வேலைக்குள் அடங்காது. அதிகாரி சாவியைத் தரும்போது சொன்னது இதுதான்: “மழையை உள்ளே விடாதே, சனத்தை வெளியே விட மறக்காதே, மற்றதெல்லாம் தானாக நடக்கும்.”

செவ்வாய் நடனம், சனி கலியாணம்

மண்டபத்தின் தரை மேப்பிள் பலகை. ஆடுகிறவர்களின் கால் நோகாமல் இருக்க, அடியில் வில்லு வைத்துச் செய்தது. நடந்தாலே மெல்லத் துள்ளும். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் மிஸிஸ் பென்னட் தலைமையில் எழுபது வயது தாண்டிய வெள்ளைக்காரச் சோடிகள் தேநீர் நடனம் ஆடுவார்கள். சனிக்கிழமை காலையில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம், பிறகு கலியாணம். பள்ளிக்கூடத்தையும் கலியாணச் சமையலையும் ஒரே ஆள்தான் நடத்தினா. பூமணி அக்கா. இடது கையில் வரவுப் பதிவேடு, வலது கையில் அகப்பை.

அந்தத் தரையில் ஓமகுண்டம் வைப்பதற்கு நான் பட்ட பாட்டைத் தனிப் புத்தகமாக எழுதலாம். தகரம், அதன் மேல் மணல், அதன் மேல் செங்கல், பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நான். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல நானும் மனதுக்குள் அருள்நிறைந்த மரியே சொல்லுவேன். நெருப்பு அடங்கினாலும் அறுகரிசி அடங்காது. மணமக்கள் தலையில் போடுகிற அந்த மஞ்சள் அரிசி பலகை இடுக்கெல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு கூட்டினாலும் அடுத்த நடனத்தில் துள்ளி மேலே வரும்.

ஒரு புதன்கிழமை மிஸிஸ் பென்னட் என் அறைக்கு வந்து, கைக்குட்டையை அவிழ்த்து, மேசையில் ஒரு பிடி மஞ்சள் அரிசியைக் கொட்டினா. முகத்தில் சிரிப்பில்லை. “மிஸ்டர் தாஸ், நேற்று ஆடிவிட்டுக் கழற்றினால், என் சப்பாத்துக்குள் ஒரு முழுக் கலியாணமே இருந்தது.”

கம்பத்தில் கட்டிய கடதாசி

ஒரு மாசி மாதம், மண்டபத்துக்கு முன்னால் இருந்த விளக்குக் கம்பத்தில் மஞ்சள் கடதாசி ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்கள். காணாமல் போன பூனைக்கும் அந்தக் கம்பத்தில்தான் கடதாசி கட்டுவார்கள், ஆகவே நான் நாலு நாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் பார்த்தேன். மண்டபத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் கடைகளும் கார் நிறுத்தும் இடமும் கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் மூன்று கிழமைக்குள், இருபத்தொரு நாளுக்குள், எழுதலாம் என்று இருந்தது. நாலு நாளை நான் பூனைக்குக் கொடுத்துவிட்டேன்.

வேலை போகும் என்ற பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிட இந்த இடம் போகும் என்பதுதான் நெஞ்சில் இடித்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் முந்நூறு பேர் ஒன்றாக உட்கார வேறு கூரை கிடையாது. எங்கள் சனம் ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்து இறங்கி, சிதறி, ஆளையாள் தேடிக்கொண்டிருந்த காலம். சனிக்கிழமை அந்தக் கதவைத் திறந்தால்தான் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியும்.

ஓடிப்போய் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னேன். கவுன்சில் நினைத்தால் நினைத்ததுதானே, எங்களை ஆர் கேட்கிறது என்று பலர் கையை விரித்தார்கள். மகளின் கலியாணத்துக்கு மண்டபம் பதிந்து வைத்திருந்த ஒரு தகப்பன் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு உருக்கமாகச் சொன்னார்: “தாஸ் அண்ணை, இடிக்கிறதெண்டா இடிக்கட்டும், அதை ஆரும் தடுக்க ஏலாது. ஆனா என்ரை பிள்ளையின்ரை கலியாணம் முடிய இடிக்கச் சொல்லுங்கோ.”

மாஸ்டரின் மனு

குணரத்தினம் மாஸ்டர் ஒருநாளும் படிப்பித்தவர் இல்லை. யாழ்ப்பாணக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் தலைமை லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அவர் எழுதுகிற ஆங்கிலத்துக்குப் பயந்து எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். மனு எழுதுவதென்றால் அவருக்குப் பசி தெரியாது. ஒரே இருப்பில், “தங்கள் பணிவான ஊழியன் தாழ்மையுடன் சமர்ப்பிப்பது யாதெனில்” என்று தொடங்கி நாலு பக்கம் எழுதி முடித்தார். அதைப் பிரதி எடுத்து, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்த பெற்றோர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினோம். எங்கள் ஊரில் காரியம் அப்படித்தான் நடக்கும். எழுதத் தெரிந்தவர் எழுதுவார், மற்றவர்கள் கீழே கையெழுத்து வைப்பார்கள். பெரிய பார்சலாகக் கட்டி, கட்டட அனுமதி கொடுக்கிற கவுன்சிலின் பிளானிங் கந்தோரில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வெற்றி வீரன்போலத்தான் திரும்பி வந்தேன்.

அடுத்த நாள் கந்தோரில் இருந்த ஜேனட் என்ற பெண் தொலைபேசியில் கூப்பிட்டா. ஒரே வாசகம் உள்ள கடிதங்கள் எத்தனை வந்தாலும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்வார்களாம். நாலு பக்கத்தில் மண்டபத்தைப் பற்றி எத்தனை வரி இருக்கிறது என்று தேடிப் பார்த்தாவாம், இரண்டு வரி இருந்ததாம். மிச்சமெல்லாம் பணிவு. மாஸ்டருக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் முழுசிக்கொண்டு நிற்க, பூமணி அக்கா நேரே போய்ச் சொல்லிவிட்டா. மனுசன் இரண்டு நாள் மண்டபப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு கட்டு வெள்ளைக் கடதாசியோடு வந்து, மண்டபத்தின் நடுவில் மேசை போட்டு உட்கார்ந்தார். “நான் எழுதேல்லை. நீங்கள் சொல்லுங்கோ, உங்கட வாயால வாறதை அப்பிடியே இங்கிலீசில போடுறன்” என்றார். முப்பது வருடப் பழக்கத்தை அந்தக் கதிரையில் வைத்து அவர் முறித்ததைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

வரிசையாக வந்தார்கள். ஒரு தாய், தன் மகன் ‘அ’ எழுதிப் பழகிய மூன்றாவது ஜன்னலைப் பற்றிச் சொன்னா. மிஸிஸ் பென்னட்டின் நடனக்காரர் ஒருவர், இரண்டாம் உலக யுத்த காலத்தில் இதே தரையில் மனைவியின் காலை மிதித்துத்தான் அறிமுகமானதாக எழுதினார். இன்னொருவர் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம்: அப்பா ஊரில் இறந்தபோது என்னால் போக முடியவில்லை. முப்பத்தோராம் நாள், அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இந்த மண்டபத்தில் கூடிச் சாப்பிட்டோம், அப்பாவை நான் வழியனுப்பிய இடம் இதுதான். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அதை எழுதினார், ஒரு பணிவான சொல்லும் சேர்க்கவில்லை. தவணை முடிகிற நாளுக்கு முதல் நாள் பார்சலை வாங்கிப்போன ஜேனட், ஒரு கிழமை கழித்து மறுபடி கூப்பிட்டா. “இந்தக் கிழமை முழுக்க நான் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போகவில்லை, மிஸ்டர் தாஸ். உங்கள் ஆட்களுடைய கலியாணங்களை வாசித்துக்கொண்டிருந்தேன்.”

குரோய்டன் பயம்

ஆனால் அந்த வரிசையில் நிற்காமல் சுவரோடு ஒட்டி நின்றவர்களும் இருந்தார்கள். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்காகப் பதிலுக்குக் காத்திருந்தவர்கள். கவுன்சிலை எதிர்த்துக் கையெழுத்து வைத்தால் அந்தக் கடிதம் நேரே குரோய்டன் குடிவரவுக் கந்தோருக்குப் போகும், அங்கே தங்கள் ஃபைலில் ஏறும் என்று பயந்தார்கள். இரண்டும் வேறு வேறு கந்தோர் என்று நான் தலைகீழாக நின்றும் நம்பவில்லை. குரோய்டன் என்ற பெயரைச் சொன்னாலே குரல் தாழ்ந்துவிடும் காலம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அந்தக் கட்டடத்தின் வரிசையில் நின்றவன்தான்.

செல்வன் அவர்களில் ஒருவர். முப்பத்தைந்து வயது, பெற்றோல் நிலையத்தில் வேலை, ஊரில் கட்டட வரைபடம் வரைந்தவர். சுவரில் சாய்ந்தபடி ஒரு மணித்தியாலம் எல்லோரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு வந்து மாஸ்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். முழுப் பெயரையும் விலாசத்தையும் சொன்னார். மாஸ்டரே பேனையை நிறுத்தி, தம்பி யோசித்துத்தான் செய்கிறீரோ என்று கேட்டார். செல்வன் சொன்ன பதிலுக்குப் பிறகு, சுவரோடு நின்ற பலர் ஒவ்வொருவராக வரிசைக்கு வந்தார்கள்: “எங்கட ஊரில எத்தினை கட்டடம் விழுந்தது, ஒண்டுக்கும் என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. இங்க கம்பத்தில கட்டிக் கேட்டிருக்கிறாங்கள். பதில் சொல்லாமல் விடலாமே?”

கும்பாபிஷேக வேலை

கடிதங்கள் போதாது, மண்டபம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் ஏறினால்தான் நிரந்தரமாகத் தப்பும் என்று மிஸிஸ் பென்னட் சொன்னா. முன்பு ஒருமுறை அவ கேட்டுப் பார்த்து, முகப்பு பழைய நிலையில் இல்லை என்று மறுத்துவிட்டார்களாம். உண்மைதான். முகப்பு முழுக்க எத்தனை பூச்சு என்று தெரியாத தடிப்பில் மண்ணிறப் பெயின்ட், அங்கங்கே உரிந்து, பார்க்கச் சகிக்காது. இப்போது கடிதங்களின் பலத்தால் மறுபடி ஒரு பரிசோதகர் வரச் சம்மதித்திருந்தார். பெயர் மிஸ்டர் வெப். திங்கட்கிழமை காலை பத்து மணி.

அதற்குப் பிறகு நடந்ததற்கு முழுப் பொறுப்பும் நான்தான். பெரிய ஆள் பார்க்க வருகிறார், கட்டடம் அழுக்காக இருக்கிறது. என்ன செய்வோம்? மன்னாரில் திருவிழாவுக்குக் கொடியேற்ற முன்னர் கோவிலுக்கு வெள்ளையடிப்போம். யாழ்ப்பாணத்துச் சைவக்காரர் கும்பாபிஷேகத்துக்கு முன்னர் வர்ணம் தீட்டுவார்கள். சமயத்தில் எங்களுக்குள் ஆயிரம் வித்தியாசம் இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் கருத்து வேற்றுமை கிடையாது. சனியும் ஞாயிறும் முப்பது பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினோம். முகப்புக்கு வெள்ளை. தூண்களுக்கு மட்டும், பூமணி அக்காவின் யோசனைப்படி, வெள்ளையும் காவியுமாகப் பட்டை. ஞாயிறு பின்னேரம் றோட்டின் மறுபக்கம் போய் நின்று பார்த்தோம். கண் கூசியது. இதை இடிக்க எவனுக்கு மனம் வரும் என்று ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டோம்.

திங்கட்கிழமை மிஸிஸ் பென்னட் வந்து பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டா. பத்து மணிக்கு மிஸ்டர் வெப் வந்தார். நல்ல மனுசன்போல இருந்தார். தூணைத் தொட்டார், விரலில் வெள்ளை ஒட்டியது. பழையதைப் பழையதாகவே வைத்திருப்பதுதான் தங்கள் வேலை, புதிதாக்குவது இல்லை என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். யார் செய்தது என்று கேட்டார். நாங்கள் எல்லோரும்தான், இரண்டே நாளில் என்றேன், பெருமை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவர் குறிப்புப் புத்தகத்தை மூடினார். “மிஸ்டர் தாஸ், இந்தக் கட்டடத்தைக் காப்பாற்ற நீங்கள் இன்னும் ஒரு சனி ஞாயிறு உழைத்தால், காப்பாற்ற ஒன்றுமே மிஞ்சாது.”

அகப்பைப் படை

கவுன்சிலிலிருந்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் பூசியதை ஒரு மாதத்துக்குள் உங்கள் செலவிலேயே அகற்றுங்கள், இல்லாவிட்டால் சாவியை ஒப்படையுங்கள். ஊர் முழுக்க ஒன்றுசேர்ந்து காப்பாற்றப் பார்த்த கட்டடத்தை நானே சாகடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மனைவி என்னைத் திட்டக்கூட இல்லை, அவ்வளவு பாவமாக இருந்தேனாம். வெட்கத்தை விட்டு மிஸ்டர் வெப்புக்கே தொலைபேசி எடுத்தேன். பெயின்டை இளக்குகிற பசை ஒன்றின் பெயர் சொன்னார். பூசி, ஊறவிட்டு, மெதுவாக வழித்தெடுக்க வேண்டும். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாததால் இரும்பு எதுவும் படவே கூடாது, மரம் மட்டும்தான்.

முப்பது பேருக்கு மரக்கரண்டி எங்கே போவது என்று நான் தலையைச் சொறிய, பூமணி அக்கா என்னை விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தா. ஞாயிறு காலை எங்கள் பெண்கள் எல்லோரும் கலியாணச் சமையல் மரஅகப்பைகளோடு வந்து இறங்கினார்கள். சோறு கிளறுகிற அகப்பை, களி துழாவுகிற அகப்பை, பொங்கல் அகப்பை. மிஸிஸ் பென்னட்டின் நடனக்காரர்கள் ரப்பர் கையுறையும் மடிக்கதிரையும் தேநீர்ப் பிளாஸ்குமாக வந்தார்கள். மண்டபத்தை இரண்டு வருடமாகப் பங்கு போட்டும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாத இரண்டு கூட்டமும் ஒரே சுவரில் நின்று வழித்தார்கள். நடனக்காரப் பாட்டனார் ஒருவர், அகப்பையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பூமணி அக்காவிடம் பேச்சு வாங்கிக்கொண்டே வழித்தார்.

எங்கள் வெள்ளை முதல் ஞாயிறே உரிந்து வந்துவிட்டது. இரண்டாம் ஞாயிறு, வந்த வேகத்தில் கவுன்சிலின் பழைய மண்ணிறமும் தோல்போல உரிந்தது. அதற்குக் கீழே சீமெந்து இல்லை. பச்சை. கண்ணாடிபோல மின்னுகிற பச்சை டைல்! வழித்தோம், வழித்தோம், யாரும் சாப்பிடப் போகவில்லை. கதவுக்கு மேலே ஒரு பெண் உருவம் டைலிலேயே வெளிவந்தது, கையில் குடம், குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறாள். மதுவுக்குப் பதில் தண்ணீர், கட்டினவர்களின் கொள்கை. “நிறைகுடம்! எங்கட கலியாண வாசல்ல வைக்கிற நிறைகுடம்!” என்று பூமணி அக்கா ஏணியின் கீழ் நின்று கத்தினா. இது வேதாகமத்தில் வருகிற கிணற்றடிச் சமாரியப் பெண் என்று நான் வாதாடினேன். முதல் உலக யுத்த காலத்தில் டைலின் பளபளப்பு விமானத்துக்குத் தெரியும் என்று மூடிப் பூசியிருக்க வேண்டும் என்று வயதானவர்கள் சொன்னார்கள். மிஸிஸ் பென்னட் வாதத்தை எங்களிடம் விட்டுவிட்டு ஏணியில் ஏறினா. கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையால் குடத்தைத் தடவினா. “என் அம்மா சாகும்வரை இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வயதாகிவிட்டது, உளறுகிறாள் என்று நான் நினைத்தேன்.”

கைநனைக்காத விருந்தினர்

மிஸ்டர் வெப் இரண்டாம் முறை வந்தபோது தூறல். குடையை விரிக்க மறந்து முகப்பைப் பார்த்தபடியே நனைந்துகொண்டு நின்றார். மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்று சொல்லிப் போனார். பதில் வர முன்னர், இடிக்கும் விண்ணப்பம் பிளானிங் கமிட்டிக்கு வந்துவிட்டது. மாலைக் கூட்டம். பொதுமக்கள் பகுதியில் இடமில்லாமல் படிக்கட்டுவரை எங்கள் ஆட்கள், சேலையும் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக. பேச மூன்று நிமிடம் தந்தார்கள். மாஸ்டர் எழுந்து, சபையோருக்கு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பாவம், பழைய பழக்கம் முழுதாகப் போகவில்லை.

அப்போது பூமணி அக்கா எழுந்தா. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி: உங்களில் எத்தனை பேர் அந்த மண்டபத்துக்குள் வந்திருக்கிறீர்கள்? ஒருவரும் கை தூக்கவில்லை. அப்படியானால் வருகிற சனிக்கிழமை கலியாணம் இருக்கிறது, எல்லோரும் வாருங்கள், சாப்பிட்டுவிட்டு வந்து முடிவெடுங்கள் என்றா. சபை சிரித்தது. ஆனால் தலைவர் சிரிக்கவில்லை. பார்க்காமல் முடிவெடுப்பது சரியில்லை என்று கூட்டத்தைத் தள்ளிவைத்தார்.

சனிக்கிழமை கவுன்சிலர்மார் வந்தே விட்டார்கள். இடிக்க முன்னர் மகளைக் கட்டிக்கொடுக்க அவசரப்பட்ட அதே தகப்பனின் வீட்டுக் கலியாணம். மனுசன் கவுன்சிலர்மாருக்குச் சந்தனம் பூசி முன்வரிசையில் இருத்தினார். ஒரே ஒரு சிக்கல். விண்ணப்பம் முடிவாகும்வரை அவர்கள் யாரிடமும் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாதாம், விதி. ஆகவே பந்தி நடக்க நடக்க, பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் பாயாசமும் போகும் வழியெல்லாம் கண்ணால் தொடர்ந்தபடி பல்கனியில் நின்றார்கள். வீட்டுக்கு வந்தவரைக் கைநனைக்காமல் அனுப்புவதா என்று பூமணி அக்கா கண்கலங்கினா. அடுத்த கூட்டத்தில், மண்டபம் பட்டியலில் ஏறிவிட்டது என்ற கடிதத்தைத் தலைவர் எழுந்து நின்று வாசித்தார். இடிக்கும் விண்ணப்பம் ஒரு கைகூட ஆதரவாக எழும்பாமல் தோற்றது. நாங்கள் போட்ட சத்தத்தில் மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கலைகிறபோது தலைவர் சனத்தை விலக்கிக்கொண்டு பூமணி அக்காவிடம் வந்தார். “மேடம், இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பாயாசத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?”

செல்வன் பார்த்த ஃபைல்

ஒரு மாதம் கழித்துச் செல்வன் என்னிடம் வந்து, தான் எழுதின கடிதம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார். வெற்றி கொண்டாடி முடிந்துவிட்டது, இனி அதற்கு என்ன என்றேன். இல்லை அண்ணை, பார்க்க வேணும் என்றார். பிளானிங் ஃபைல்களை யாரும் கேட்டுப் பார்க்கலாம் என்று ஜேனட் முன்பே சொல்லியிருந்தா. இருவரும் கந்தோருக்குப் போனோம். அவருடைய குரோய்டன் பதில் அப்போதும் வரவில்லை. ஆறு வருடம். அந்த ஃபைலில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் அவர் பார்த்ததில்லை.

ஜேனட் ஒரு தடித்த கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, அவசரமில்லை, ஆறுதலாகப் பாருங்கள் என்று கதிரையும் இழுத்துப் போட்டா. செல்வன் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். தன்னுடையதில் நின்றார். முழுப் பெயர், விலாசம், கீழே கையெழுத்து, மேலே ‘பெறப்பட்டது’ என்ற முத்திரை. பக்கத்து ஓரத்தில் யாரோ பென்சிலால் கோடு போட்டு, ‘முக்கியம்’ என்று எழுதியிருந்தார்கள். அவர் அந்தச் சொல்லை விரலால் தொட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “அண்ணை, இந்த நாட்டில என்ரை பேரில ஒரு ஃபைல் இருக்கு, நானே திறந்து பாக்கக்கூடியதா.”

மண்டபம் இப்போது சட்டத்தின் பாதுகாப்பில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அந்தச் சட்டப்படி இனிமேல் ஒரு தோரணம் கட்ட ஆணி அடிப்பதற்கும் அனுமதி கேட்டு நாலு பக்கப் படிவம் நிரப்ப வேண்டியவன் காவலாளி என்பதைக் கையெழுத்து வேட்டையின்போது ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.